குதிரைக்கும் உண்டு கட்-ஆஃப்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஆளைக் காணோமேன்னு ரெண்டு பேர் பின்னூட்டத்துல கேட்டிருந்தீங்க. (அந்த ரெண்டுல ஒண்ணு என் தங்கச்சி. ஹி ஹி.) ஆணி அதிகம், வேற ஒண்ணுமில்லை. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, வழக்கமான மரபணுப் பதிவு. போன தடவை கோழி. இந்தத் தடவை குதிரை.

உப்சாலாவுல நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மாவைப் பத்தி முன்னாடியே எழுதியிருக்கேன். எழுபதைத் தாண்டினவங்க. இந்த ஊர்ல பெரியவங்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு வாய் வராது. அதனால பதிவுல அவங்க எப்பவும் 'பாட்டி'தான். பாட்டி வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல பேரன் பேத்தி போட்டோவுக்கு நடுவுல ஒரு தாள் ஒட்டியிருக்கும். பழுப்பேறின தாள். மார்க் ஷீட் மாதிரி வரிசையா எண்கள். 8.0, 8.5, 8.5, 7.5, 8.0.... நடுவுல ஒரே ஒரு 5.0.

மொத தடவை பார்த்தப்ப, "உங்க பேத்தி மார்க்கா? ஒரு பாடத்துல மட்டும் கோட் அடிச்சிட்டாளா?"ன்னு கேட்டேன்.

"பேத்தி இல்லை. என் குதிரை"ன்னாங்க.

குதிரை பேரு ஸ்டியார்னா. ஐஸ்லாந்து மொழியில நட்சத்திரம்னு அர்த்தம். நெத்தியில வெள்ளையா ஒரு சுட்டி. 2007ல ஐஸ்லாந்துல பொறந்து, மூணு வயசுல கப்பலேறி... தப்பு, விமானமேறி சுவீடனுக்கு வந்த பெண் குதிரை. 2014 கோடையில, ஏழு வயசுல, ஒரு இனவிருத்திக் காட்சியில வாங்கின மார்க் அந்தத் தாள். மொத்தம் 7.88. எட்டைத் தொட்டிருந்தா முதல் பரிசுத் தரம். 0.12ல போச்சு.

அரை மார்க் கட்-ஆஃப்ல அண்ணா யுனிவர்சிட்டி சீட்டை விட்டவன் எவனாவது இதைப் படிச்சா அவனுக்கு அந்த வலி தெரியும். எனக்குத் தெரியும். :-)

சரி, மேட்டருக்கு வருவோம். குதிரைக்கு எதுக்கு மார்க்? அந்த 5.0 எங்கேருந்து வந்துச்சு?

ஐந்து நடை

நம்ம ஊர்ல மாடு வாங்கும்போது சுழி பார்ப்பாங்க, கொம்பு பார்ப்பாங்க, திமில் பார்ப்பாங்க, அப்புறம் நாலடி நடக்க விட்டுப் பார்ப்பாங்க. குதிரைக்கும் அதே கணக்குதான். ஒண்ணு உடல் அமைப்பு, இன்னொண்ணு நடை. தமிழ்ல 'ஐங்கதி'ன்னு ஒரு பழைய சொல் இருக்கு, குதிரையோட ஐந்து நடை. ஐஸ்லாந்துக் குதிரைக்கும் ஐந்து நடை. நம்ம ஐந்தும் அவங்க ஐந்தும் ஒண்ணில்லை, ஆனா அந்த எண் ஒத்துப்போறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

முதல் மூணு எல்லாக் குதிரைக்கும் பொது. சாதாரண நடை. அப்புறம் டிராட், அதாவது குறுக்குக் கால்கள் சோடியா எழும்புற ஓட்டம் (மேல உக்காந்தவன் குலுங்குவான்). மூணாவது கேண்டர், அதையே வேகமா எடுத்தா கேலப்.

நாலாவது டோல்ட். இடப்பின்கால், இடமுன்கால், வலப்பின்கால், வலமுன்கால்னு ஒவ்வொரு காலா தனித்தனியா விழும். எப்பவும் ஒரு காலாவது தரையில இருக்கும். அதனால முதுகு குலுங்கவே குலுங்காது. கையில நிறைஞ்ச கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு டோல்ட்ல ஓட்டி, சிந்தாம வர்றது இங்க ஒரு விளையாட்டாவே உண்டு. கோப்பையில என்ன இருக்கும்னு கேக்காதீங்க, குடும்பப் பதிவு.

ஐந்தாவது ஸ்கெய்த். ஒரே பக்கத்து ரெண்டு காலும் ஒண்ணா முன்னாடி போகும். ஒட்டகம் நடக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? அதே மாதிரி, ஆனா அசுர வேகத்துல. ஒவ்வொரு எட்டுக்கும் நடுவுல நாலு காலும் அந்தரத்துல. நல்ல ஸ்கெய்த் குதிரை ஓடி வர்ற வேகத்தோட 100 மீட்டரை 8 வினாடிக்குள்ள முடிச்சிடும். நான் ஒரு தடவை வேலி ஓரமா நின்னு பார்த்தேன். சத்தமே வேற மாதிரி இருந்துச்சு. மயிர்க்கூச்செறிஞ்சது, பொய் சொல்லலை.

ஐந்தும் வர்ற குதிரை 'ஐந்து நடை'. ஸ்கெய்த் வராதது 'நாலு நடை'. நம்ம ஸ்டியார்னா நாலு நடை. காட்சியில ஸ்கெய்த் காட்டாத குதிரைக்கு அந்தக் கட்டத்துல 5.0 எழுதுவாங்க. மார்க் 5லேருந்து 10 வரைக்கும்தான், அரை அரையா. 7.5 சராசரி. அப்ப 5.0ன்னா முட்டைன்னு அர்த்தம்.

எடை போடுற கணக்கு

இனவிருத்திக் காட்சி எப்படி நடக்கும்னா, முதல்ல குதிரையை நிக்க வச்சு அளவெடுப்பாங்க. உயரம், நீளம், எலும்பு பருமன்னு அளவுகோலும் நாடாவும் வச்சு. அப்புறம் நடுவர்கள் சுத்திச் சுத்திப் பார்த்து உடல் அமைப்புக்கு மார்க் போடுவாங்க. அடுத்து நேரான ஓடுபாதையில ஆள் ஏறி முன்னும் பின்னுமா ஓட்டிக் காட்டணும். அதுக்கு நடை மார்க். ஐஸ்லாந்துக் குதிரை இருக்கிற எல்லா நாட்டுலயும் ஒரே விதிமுறை, ஒரே அளவுகோல். எல்லா மார்க்கும் 2001ல ஆரம்பிச்ச 'வேர்ல்ட்ஃபெங்கூர்'னு ஒரே தரவுத்தளத்துல போய் உக்காந்துடும். இந்த ஒழுங்கு வேற பல குதிரை இனத்துக்கு இன்னும் வாய்க்கலை.

ஸ்டியார்னா காலத்துல, அதாவது 2019 வரைக்கும், 100க்கு 40 பங்கு உடல் அமைப்பு, 60 பங்கு நடை. (2020லேருந்து 35, 65.) அந்த 40ஐ இப்படிப் பிரிச்சிருந்தாங்க: தலை 3, கழுத்தும் தோளும் 10, முதுகும் பின்பகுதியும் 3, உடல்வாகு 7.5, கால் தரம் 6, கால் நேர்மை 3, குளம்பு 6, பிடரியும் வாலும் 1.5. அந்த 60: டோல்ட் 15, டிராட் 7.5, ஸ்கெய்த் 10, கேலப் 4.5, துடிப்பு 9, ஆள் ஏறினப்ப இருக்கிற தோரணை 10, நடை 4. கூட்டிப் பாருங்க, சரியா வரும்.

கழுத்துக்கு ஏன் 10, தலைக்கு ஏன் 3? அழகுப் போட்டியா இருந்தா தலைக்குத்தான் அதிகம் கிடைச்சிருக்கும். இது அழகுக்காக இல்லைங்க. கழுத்து உயரத்துலேருந்து கிளம்பி, தோள் சாய்வா இருந்து, முன்பக்கம் பின்பக்கத்தை விடக் கொஞ்சம் தூக்கலா இருந்தா அந்தக் குதிரைக்கு முன்கால் லேசா எழும்பும். டோல்ட் நல்லா வரும். உடல் அமைப்பை அளக்கிறதுக்குக் காரணமே அதுக்குள்ள நடை ஒளிஞ்சிருக்குங்கிறதுதான்.

இப்ப ஸ்டியார்னா கணக்கு. ஒரு சாயங்காலம் சும்மா இருக்க முடியாம அந்தத் தாளை எடுத்து உக்காந்தேன். ஸ்கெய்த் தவிர மீதி 90 பங்குக்கு சராசரி 8.20. டோல்ட் 8.5, டிராட் 8.5, கேலப் 8.5. அருமையான குதிரை. ஸ்கெய்த்தோட 10 பங்கு 5.0ஐச் சேர்த்தா 7.88. அந்தக் கட்டத்துல வெறும் 6.5 விழுந்திருந்தா, அதாவது 'சுமார்'ங்கிறதுக்கும் கீழ, மொத்தம் 8.03. முதல் பரிசு.

பாட்டிகிட்ட சொன்னேன். "பத்து வருஷம் முன்னாடியே நானும் கணக்குப் போட்டுட்டேன்"னு காபியை ஊத்தினாங்க.

நம்ம பொறியியல் கட்-ஆஃப் ஞாபகம் வருதா? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தமிழ்ல நூத்துக்கு நூறு வாங்கினாலும் அந்த 200ல ஒரு பைசா சேராது. அதனால என்ன ஆச்சு? எத்தனை வீட்டுல, எத்தனை வகுப்புல தமிழ்ப் பாடவேளையில கணக்குப் போட்டாங்க? எதுக்கு எடையோ அதைத்தான் வளர்ப்பாங்க. அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

மார்க்கிலேருந்து மதிப்பு

கட்-ஆஃபோட நின்னா பரவாயில்லை. குதிரை விஷயத்துல ஒரு படி மேல போகுது. அந்த மார்க் குட்டிகளுக்கும் போகும்.

ஒரு குதிரை 8.5 வாங்குச்சுன்னா அதுல எவ்வளவு அதோட ரத்தம், எவ்வளவு ஓட்டினவன் திறமை, எவ்வளவு தீனி, எவ்வளவு அன்னிக்கு நடுவருக்கு இருந்த மூடு? நமக்கு வேணுங்கிறது ரத்தத்துல இருக்கிற பங்கு மட்டும்தான், ஏன்னா அதுதான் குட்டிக்கு இறங்கும். இதைப் பிரிச்செடுக்கிற கணிதத்தை அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல சார்லஸ் ஹெண்டர்சன்னு ஒருத்தர், குதிரைக்கு இல்லை, பால்மாட்டுக்காகக் கண்டுபிடிச்சார். பேரு 'பிளப்'. நம்ம செல்லப்பேர் மாதிரி இருக்கு, ஆனா உள்ள பெரிய பெரிய சமன்பாடுகள்.

எளிமையாச் சொல்லணும்னா இப்படி. எந்த வருஷம், எந்த நாடு, குதிரைக்கு என்ன வயசு, ஆணா பெண்ணான்னு பார்த்து அந்த வித்தியாசத்தை எல்லாம் கழிச்சிடும். அப்புறம் அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி, சித்தப்பா பிள்ளைன்னு சொந்தக்காரங்க அத்தனை பேர் மார்க்கையும் உறவு நெருக்கத்துக்குத் தக்கபடி சேர்க்கும். கடைசியில ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு இனவிருத்தி மதிப்பு. சராசரி 100. 110, 120ன்னா மேல. 90ன்னா கீழ. காட்சிக்கே வராத குதிரைக்கும், நேத்துப் பொறந்த குட்டிக்கும் கூட ஒரு எண் வந்துடும்.

ஐஸ்லாந்துக் குதிரைக்கு இதைக் கொண்டு வந்தவர் தோர்வால்தூர் ஆர்னசன். 1984ல அவர் உடல் அமைப்பையும் நடையையும் பத்தி வரிசையா ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 80களின் நடுவுலேருந்து குதிரை வளர்க்கிறவங்க கையில இந்த எண் வந்துடுச்சு. குதிரை உலகத்துல இதுல முந்திக்கிட்டவங்கள்ல ஐஸ்லாந்துக்காரங்களும் உண்டு.

இதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வராது. பிளப் வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? பெரிய பண்ணைக்காரர் குதிரைக்கு மவுசு, ஏழை விவசாயி குதிரைக்கு மவுசில்லை. நல்லா ஓட்டத் தெரிஞ்சவன் கையில மோசமான குதிரையும் மின்னும். இந்த எண் அதையெல்லாம் ஓரளவுக்கு நேராக்கிச்சு. தலைமுறைக்குத் தலைமுறை டோல்ட் மெருகேறினது கண்ணால பார்க்கிற உண்மை.

ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: காட்சிக்கு வர்ற குதிரைங்க யாரு? பயிற்சி கொடுக்கலாம்னு ஏற்கனவே தேறினதுங்க. தேறாதது வீட்டோட நின்னுடும். பரிட்சை எழுதினவன் மார்க்கை மட்டும் வச்சு மொத்த ஊரையும் எடைபோடுற கதை. இதுக்கு உப்சாலாவுலயே ஆராய்ச்சி நடந்திருக்கு. 'காட்சிக்கு வந்துச்சா வரலையா'ங்கிறதையே ஒரு குணமா எடுத்துக் கணக்குல சேர்த்துப் பார்த்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை. வராதவனும் ஏதோ சொல்றான்ல?

ரெண்டாவது ஓட்டை அந்த 5.0. ஸ்கெய்த் மார்க்கை வரைபடமாப் போட்டா ஒரு மலை வராது. 5.0ல ஒரு தூண், தள்ளி ஒரு மலை. ஸ்கெய்த் சுத்தமா வராத குதிரையும், ஏதோ கொஞ்சம் வரும் ஆனா ஓட்டினவர் காட்ட விரும்பலைங்கிற குதிரையும் ஒரே தூண்ல. அது பத்தாதுன்னு அந்த 5.0 ஸ்டியார்னாவோட நிக்காம அதோட அப்பா, அம்மா, தங்கச்சி எண்ணையும் கொஞ்சம் கீழ இழுக்கும்.

ஒரே ஒரு எழுத்து

2012 வரைக்கும் எல்லாரும் நினைச்சது, நடைங்கிறது நூத்துக்கணக்கான ஜீன் சேர்ந்து செய்யுற வேலைன்னு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல 'நேச்சர்' இதழ்ல இந்த ஊர்லேருந்து ஒரு கட்டுரை வந்துச்சு. லெய்ஃப் ஆண்டர்சன் குழு. 70 ஐஸ்லாந்துக் குதிரை, 40 ஐந்து நடை, 30 நாலு நடை. மொத்த மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டா வித்தியாசம் 23ஆவது குரோமோசோம்ல ஒரே இடத்துல ஈட்டி மாதிரி நிக்குது. டிஎம்ஆர்டி3ங்கிற ஜீன். அதுல சி இருக்க வேண்டிய இடத்துல ஏ. அந்த ஒரு எழுத்து மாறினதால புரதம் பாதியிலயே வெட்டுப்பட்டு நின்னுடுது.

இதுல சினிமா மாதிரி ஒரு விஷயம். அதே உப்சாலாவுல கிளாஸ் குல்லாண்டர் குழு எலியோட முதுகுத்தண்டுல நரம்பு செல்களை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. இடது கால், வலது கால் மாத்தி மாத்தி வைக்கிற தாளத்தைக் கட்டுப்படுத்துற செல்கள்ல அவங்களும் கண்டுபிடிச்சது இதே ஜீன். குதிரைக்காரங்களும் எலிக்காரங்களும் ஒரே கட்டுரையில சேர்ந்துட்டாங்க.

அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி. ரெண்டும் ஏன்னா ஸ்கெய்த் வர்ற வாய்ப்பு உண்டு (கட்டாயம் வரும்னு இல்லை). ஒண்ணு ஏ, ஒண்ணு சின்னா டோல்ட் வரும், ஸ்கெய்த் பெரும்பாலும் வராது. பந்தயத்துக்கு ஓடுற டிராட் குதிரைகள்லயும் இந்த ஏ நிறைய. கேலப்புக்கு மாறாம டிராட்லயே வேகமெடுக்க உதவுது. 2014ல 141 இனத்துல 4,396 குதிரையைச் சோதிச்சப்ப 68 இனத்துல இது இருந்துச்சு. 2016ல பழைய குதிரை எலும்புகளைத் தோண்டிப் பார்த்ததுல மிகப் பழைய ஏ கிடைச்சது இங்கிலாந்துல, கி.பி. 850 - 900 காலத்து ரெண்டு குதிரைகிட்ட. கொஞ்ச காலத்துலயே ஐஸ்லாந்துல அது நிறைய. வைக்கிங்குகள் கப்பல்ல கொண்டு போயிருக்கணும்.

ஐரோப்பாவுல ஒரு காலத்துல இந்த மாதிரி குலுங்காத குதிரைக்கு அவ்வளவு கிராக்கி. அப்புறம் சாலை போட்டாங்க, வண்டி வந்துச்சு, வண்டி இழுக்க டிராட் போதும்னு ஆச்சு. குலுங்காத குதிரை பெரும்பாலும் காணாமப் போச்சு. ஐஸ்லாந்துல சாலை வர ரொம்பத் தாமதம். அதனால டோல்ட்டும் ஸ்கெய்த்தும் தப்பிச்சது. அப்ப ஐஸ்லாந்துக்காரங்க ஸ்கெய்த்துக்கு 10 பங்கு எடை போட்டது வீம்புக்கு இல்லை. எடை போடலைன்னா அதுவும் போயிருக்கும்னு பயம். நியாயமான பயம்.

பிரச்சினை என்னன்னா இப்ப தராசு மறுபக்கம் சாயுது. ஸ்கெய்த்துக்கு மார்க், மார்க்குக்கு மதிப்பு, மதிப்பு உள்ள பொலிகுதிரைக்கு நூத்துக்கணக்குல குட்டி. அந்தப் பொலிகுதிரை பெரும்பாலும் ஏஏ. டிஎம்ஆர்டி3 பத்தி அடுத்து வந்த ஆய்வுலயே சொல்லிட்டாங்க, ஐஸ்லாந்துக் குதிரையில சி குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு. அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சது. சாதாரண நடை, டிராட், கேண்டர், கேலப் இதெல்லாம் சராசரியா நல்லா வர்றது ஏசி குதிரைக்கு. அதாவது அந்த சி சும்மா உக்காந்திருக்கிற எழுத்து இல்லை.

மார்க் போடுற நடுவர், குதிரையை அளக்கிறதாத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கார். அடுத்த தலைமுறைக் குதிரையைச் செய்யுறதும் அதே பேனாதான்.

போனா வராது

இங்கதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. ஐஸ்லாந்துக்குள்ள வெளிக் குதிரை எதையும் விட மாட்டாங்க. பல நூறு வருஷமா அப்படித்தான். ஐஸ்லாந்துல பொறந்த குதிரையே ஒரு தடவை தீவை விட்டு வெளிய போனா மறுபடி உள்ள வர முடியாது. நோய் பயம். அந்தத் தீவுக் குதிரைங்களுக்கு வெளியுலக நோய்க்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. சட்டம் சரிதான், தப்பு சொல்ல முடியாது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தத் தீவுல சி ஒரு நாள் தீர்ந்துபோச்சுன்னா? சுவீடன்ல இருக்கும், ஜெர்மனியில இருக்கும், பாட்டி வீட்டு மேய்ச்சல்ல நிக்கும். திரும்பிப் போக வழியில்லை. விசா முடிஞ்சா நான் ஊருக்குப் போகலாம். ஸ்டியார்னா போக முடியாது.

நல்ல செய்தியும் சொல்லிடறேன். 2020லேருந்து காட்சியில ஸ்கெய்த்தைச் சேர்க்காத மொத்த மார்க்கும் தனியாப் போடுறாங்க. நாலு நடைக் குதிரையை நாலு நடையிலயே எடைபோட ஒரு கட்டம். ஆறு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஃபிரிட்ஜ் கதவுல இருக்கிற தாள் வேற மாதிரி இருந்திருக்கும். ஒரு கட்டம்தானேன்னு தோணும். அந்த ஒரு கட்டம்தான் ஒரு எழுத்தைக் காப்பாத்தலாம்.

இன்னொரு வழியும் உண்டு. நெதர்லாந்துல 'கேடபிள்யூபிஎன்' சங்கத்துல கழுத்து நல்லது கெட்டதுன்னு மார்க் போடுறதோட நிக்காம, கழுத்து நீளமா குட்டையா, தோள் சாய்வா நிமிர்வான்னு ஒரு முனையிலேருந்து இன்னொரு முனை வரைக்கும் எங்க நிக்குதுன்னு குறிப்பாங்க. முதல்ல வர்ணனை, தீர்ப்பு அப்புறம். யாருக்கு எது வேணுமோ அவங்க தேடி எடுத்துக்கலாம்.

குட்டி

2023 கோடையில பாட்டி சொன்னாங்க, "ஸ்டியார்னாவுக்கு வயசாகுது. ஒரு குட்டி பார்த்துடணும். நீதான் படிச்சவனாச்சே, ஒரு மாப்பிள்ளை பாரு."

எனக்குத் தலைகால் புரியலை. லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து சமையலறை மேசையில உக்காந்தேன். வேர்ல்ட்ஃபெங்கூர்ல இதுக்குன்னே ஒரு வசதி இருக்கு. அம்மா பேரையும் அப்பா பேரையும் கொடுத்தா பொறக்கப்போற குட்டிக்கு என்ன மதிப்பு எதிர்பார்க்கலாம்னு சொல்லிடும். ஜாதகப் பொருத்தம் தோத்துது போங்க. அரை மணி நேரத்துல பட்டியல் தயார். முதல் இடத்துல மதிப்பு 124 உள்ள பொலிகுதிரை. ஸ்டியார்னாவுக்கு 98. குட்டிக்கு எதிர்பார்ப்பு நடுவுல, 111.

"111. பிரமாதம் பாட்டி"ன்னேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இந்த 111 கேண்டர் நல்லாப் போகுமா?"

"எல்லாம் சேர்த்துத்தான் 111."

"நான் எல்லாம் கேக்கலையே. காட்டுப் பாதையில காலையில கேண்டர் போறதுக்குத்தான் நான் குதிரை வச்சிருக்கேன். இத்தனை வருஷமா ஸ்டியார்னா என்னைக் கீழ போட்டதே இல்லை. அது எத்தனாவது கட்டத்துல இருக்கு?"

பதில் இல்லை என்கிட்ட. மறுபடி தேடினேன். இந்தத் தடவை மொத்த எண்ணைத் தொடாம ஒவ்வொரு கட்டமாப் பிரிச்சு, டிராட், கேண்டர், சுபாவம்னு பார்த்தேன். தரவுத்தளத்துல அதெல்லாம் தெளிவா இருக்கு. நான்தான் கடைசி வரியை மட்டும் பார்த்துப் பழகிட்டேன். 113 மதிப்புல ஒண்ணு கிடைச்சது. பரிசோதிச்ச ஏஏ. ஸ்டியார்னாவோட பிடரி மயிர் நாலு இழை அனுப்பி முன்னாடியே சோதிச்சிருந்தோம், ஏசி. அப்ப குட்டி பாதிக்குப் பாதி. ஏஏவா இருக்கலாம், ஏசியா இருக்கலாம். சிசியா இருக்க வழியே இல்லை, டோல்ட் இல்லாம போற பயம் வேண்டாம்.

2024 மே மாசம் விடியக்காலையில பொறந்துச்சு. பெட்டை. நெத்தியில சுட்டி இல்லை. பாட்டிக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

நான் அடுத்த வாரமே மயிர் எடுத்து அனுப்பலாம்னு கிளம்பினேன். பாட்டி விடலை. "எதுக்கு? நாலு கால் இருக்குல்ல. அதுவே சொல்லும்."

"தெரிஞ்சா நல்லதுதானே?"

"தெரிஞ்சா நீ ஒரு மாதிரி பார்ப்ப அதை."

சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா உண்மை. 'ஏஏ'ன்னு தெரிஞ்சா நான் ஒரு மாதிரிதான் பார்ப்பேன்.

அதுலேருந்து தினமும் சாயங்காலம் வேலி ஓரமா போய் நிக்கிறேன். குட்டி அம்மா பின்னாடி ஓடும்போது கால் எப்படி விழுதுன்னு பார்க்கிறது ஒரு போதையா ஆயிடுச்சு. ஒரு நாள் சுத்தமான டிராட். இன்னொரு நாள் ஒரே பக்கத்துக் கால் ரெண்டும் சேர்ந்து போன மாதிரி இருக்கும், கண்ணைத் தேய்ச்சுட்டுப் பார்த்தா கேண்டர்ல பறந்துக்கிட்டு இருக்கும். அதுக்கு மார்க் போட இன்னும் காலம் இருக்கு. சேணம் போட்டு, பழக்கி, காட்சிக்குக் கொண்டு போக 2028 ஆகிடும். அப்ப நான் இந்த ஊர்ல இருப்பேனான்னு தெரியாது. தாளை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கேன்.

"அனுப்புறேன். ஆனா அந்த மொத்தத்தை மட்டும் பார்த்துட்டு போன் பண்ணாதே"ன்னிருக்காங்க.

சரி மக்களே, இன்னிக்கு இவ்வளவுதான். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்க வாங்கின ஏதாவது ஒரு மார்க் ஷீட்டை எடுத்து, அதுல கட்டமே இல்லாத, ஆனா உங்ககிட்ட இருந்த ஒரு நல்ல விஷயத்தைப் பின்னூட்டத்துல எழுதுங்க. நானே ஆரம்பிச்சு வைக்கிறேன்: ப்ளஸ் டூவுல எனக்குத் தமிழ்ல 191. :-)

டிஸ்கி: 'குதிரைக்கு மார்க் போடுறதை விட்டுட்டு தீசிஸ் எப்ப முடிப்ப'ன்னு கேக்கிற பின்னூட்டங்கள் ஈவு இரக்கமில்லாம அழிக்கப்படும். தங்கச்சி, உன்னையும் சேர்த்துத்தான்.

அடுத்த வெள்ளி: செம்மறியாடு. வர்ட்டா...